பேரில் சயின்ஸ் இருக்கிறதே!

கேள்வி: என் மகன் லாஸ் ஏஞ்சல்ஸில் வேலை பார்க்கிறான். போன வாரம் தெருவில் யாரோ கூப்பிட்டு இலவசமாக ஒரு மனப் பரிசோதனை எழுத வைத்திருக்கிறார்கள். சயின்டாலஜியாம். “பேரிலேயே சயின்ஸ் இருக்கும்மா, சைக்காலஜி மாதிரிதான்” என்கிறான். எதிர்வீட்டுக்காரரோ அது ஒரு மதம் என்கிறார். எது சரி? அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: எதிர்வீட்டுக்காரர் பக்கம்தான் நானும், அம்மா. மத அமைப்புக்கான வரிவிலக்கை அமெரிக்க அரசு 1993-ல் அதற்குக் கொடுத்துவிட்டது. ஜெர்மனி அதை மதமாக ஏற்கவில்லை. அதற்காக அறிவியல் என்றும் அங்கே யாரும் சொல்லவில்லை.

உங்கள் மகனின் காது தப்பாகக் கேட்கவில்லை. சயின்ஸுக்கும் சயின்டாலஜிக்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் ‘ஸ்கியோ’ என்றால் அறிகிறேன். கிரேக்க ‘லோகோஸ்’ என்றால் சொல், ஆய்வு. இரண்டையும் சேர்த்து, ‘அறிவது எப்படி என்று அறிதல்’ என்று பொருள் சொன்னார் நிறுவனர் எல். ரான் ஹப்பர்ட். தலை லத்தீன், வால் கிரேக்கம் என்று சிரிக்க வேண்டாம். சோஷியாலஜியும் அப்படி ஒட்டுப்போட்ட சொல்தான்.

ஆனால் இந்தப் பெயர் அவருக்கு ஏன் தேவைப்பட்டது என்பதுதான் சுவாரஸ்யம். ஹப்பர்ட் அறிவியல் புனைகதை எழுதிப் பிழைத்தவர். 1950-ல் டயனெடிக்ஸ் என்ற மனச் சிகிச்சை முறையைப் புத்தகமாகப் போட்டார். புத்தகம் சக்கைப்போடு போட்டது. அதை நம்பித் தொடங்கிய அமைப்போ இரண்டே வருடத்தில் திவால். காப்பாற்ற வந்த டான் பர்செல் என்ற விச்சிட்டா நகரப் பணக்காரரோடும் மனஸ்தாபம். திவால் ஏலத்தில் டயனெடிக்ஸ் உரிமை பர்செல் கைக்குப் போய்விட்டது. சொந்தச் சரக்கையே சொந்தப் பெயரில் விற்க முடியாத நிலை! அந்த 1952-ல்தான் ‘சயின்டாலஜி’ வெளியே வருகிறது. அடுத்த ஆண்டு டிசம்பரில் நியூ ஜெர்சியில் ‘சர்ச்’ என்றே பதிவும் ஆகிவிட்டது.

சொல்லும் முழுக்கப் புதிதல்ல. நோர்டன்ஹோல்ஸ் என்பவர் 1934-லேயே அறிவின் இயல்பைப் பற்றி ‘ஸியென்டோலோகி’ என்ற தலைப்பில் ஜெர்மன் மொழியில் நூல் எழுதியிருக்கிறார். ஹப்பர்ட் அங்கிருந்து எடுத்தார் என்பதற்குச் சான்று இல்லை. அதற்கும் முன்னால் ஆலன் அப்வர்ட் என்ற ஆங்கில எழுத்தாளர், அறிவியல் சொன்னது என்றாலே கண்ணை மூடிக்கொண்டு நம்புவதைக் கிண்டல் செய்ய இதே சொல்லைப் பயன்படுத்தினார். இதை மகனிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சைக்காலஜி மாதிரி என்கிறாரே, அதுதான் எனக்குக் கவலை. மனநல மருத்துவத்தை எதிரியாகவே பார்க்கிற அமைப்பு அது. அவர் எழுதியது பெரும்பாலும் 200 கேள்விகள் கொண்ட தாளாக இருக்கும். அதன் பெயரில் ஆக்ஸ்ஃபோர்டு உண்டு. அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விடைகளை வரைபடமாகப் போட்டு, கோடு கீழே இறங்கும் இடத்தைக் காட்டி, “இதைச் சரிசெய்ய எங்களிடம் வகுப்பு இருக்கிறது” என்பார்கள். கட்டணம் அங்கிருந்து தொடங்கும். அப்புறம் இரண்டு கைகளிலும் உலோக உருளைகளைப் பிடிக்கச் சொல்லி, ‘ஈ-மீட்டர்’ முள் ஆடுவதைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். தோலின் மின்தடை மாறினால் முள் ஆடும், அவ்வளவுதான். நோயைக் கண்டறியவோ குணப்படுத்தவோ அது உதவாது என்று அறிவிப்பு வைக்கும்படி 1971-லேயே அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பரிசோதனை எழுதியதால் ஒன்றும் ஆகிவிடாது, பதற வேண்டாம். மகனைத் திட்டவும் வேண்டாம்; திட்டினால் அடுத்த தடவை சொல்லாமல் போவார். வகுப்புக்குப் பணம் கட்டினாரா, முகவரி கொடுத்தாரா என்று மட்டும் சாதாரணமாகக் கேளுங்கள். உண்மையிலேயே தூக்கம் வராமலோ மனசு சரியில்லாமலோதான் அந்தப் பக்கம் ஒதுங்கினார் என்றால், அலுவலக மருத்துவக் காப்பீட்டிலேயே மனநல மருத்துவரைப் பார்க்க வழி இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.