அலபாமாவைப் பாராட்டலாமா?

கேள்வி: உலகிலேயே மிக நீளமான அரசியலமைப்புச் சட்டம் இந்தியாவுடையது என்றுதான் படித்திருக்கிறேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துடையது அதைவிட நீளம் என்கிறார் நண்பர். உண்மையா? உண்மை என்றால், எல்லாவற்றையும் முன்யோசனையோடு எழுதிவைத்த அந்த மாநிலத்தாரைப் பாராட்ட வேண்டாமா?
— வாசகர், விருதுநகர்

பதில்: நண்பர் சொல்வது சரி. நாடுகளுக்குள் போட்டி என்றால் முதலிடம் நமக்குத்தான். தேர்வில் ‘எந்த நாடு’ என்று கேட்டால் தயங்காமல் இந்தியா என்று குறியுங்கள். நம்முடையது ஆங்கிலத்தில் சுமார் 1,46,000 சொற்கள். அலபாமாவுடையது மூன்றரை லட்சத்துக்கும் மேல். மொத்த அமெரிக்காவையும் ஆளும் சட்டமோ, திருத்தங்களைச் சேர்த்தாலும் 8,000 சொற்களைத் தொடாது.

பாராட்டு விஷயத்துக்கு வருவோம். அவசரப்பட வேண்டாம்.

அந்தச் சட்டம் 1901-இல் மாநிலத் தலைநகர் மாண்ட்காமரியில், அதற்கென்று கூட்டிய மாநாட்டில் எழுதப்பட்டது. எழுதியவர்கள் 155 பேர். அத்தனை பேரும் வெள்ளையர், அத்தனை பேரும் ஆண்கள். அன்றைய அலபாமாவில் நூற்றுக்கு 45 பேர் கறுப்பர். மாநாட்டுத் தலைவர் ஜான் நாக்ஸ் தொடக்க உரையிலேயே நோக்கத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: நாட்டின் அரசியலமைப்பு அனுமதிக்கும் எல்லைக்குள் வெள்ளையர் ஆதிக்கத்தை நிலைநாட்டுவது; அதையும் பலாத்காரத்தால், மோசடியால் அல்லாமல் சட்டத்தால் செய்வது. அதாவது அதுவரை மோசடி நடந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நேர்மையான மனிதர்தான், ஒரு விதத்தில்!

அந்த மோசடியின் பின்னணி இது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-இல் வந்த சட்டம் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்தது. கரிசல் மண் நிறைந்த ‘பிளாக் பெல்ட்’ பருத்தி மாவட்டங்களில் கறுப்பர்களே பெரும்பான்மை. அங்கிருந்த நில முதலாளிகள் அவர்களுடைய வாக்குகளைத் தங்கள் கணக்கிலேயே எண்ணிக்கொண்டார்கள். 1890-களில் வடக்குப் பகுதி ஏழை வெள்ளை விவசாயிகள் எதிர்த்து நின்றபோது, முதலாளிகள் கரைசேர்ந்ததும் இப்படி எண்ணித்தான். வாக்குரிமையையே பறித்துவிட்டால் இந்தச் சிரமமும் இல்லையே என்று மாநாட்டைக் கூட்டினார்கள்.

புதுச் சட்டத்துக்கு மக்கள் ஒப்புதல் வாங்கிய கதையைக் கேளுங்கள். ஆதரவு 1,08,613, எதிர்ப்பு 81,734. தெளிவான வெற்றி மாதிரி தெரிகிறதல்லவா? பிளாக் பெல்ட்டின் 12 மாவட்டங்களைக் கழித்துவிட்டால், மீதி 54 மாவட்டங்களில் எதிர்ப்புதான் அதிகம். டாலஸ், ஹேல், வில்காக்ஸ் என்ற மூன்று மாவட்டங்களில் மட்டும் ஆதரவு 17,475, எதிர்ப்பு 508. அந்த மூன்றிலும் வாக்களிக்கத்தக்க வெள்ளையர் மொத்தமே 5,623 பேர்! அப்படியானால், தங்கள் வாக்குரிமையைப் பறிக்கும் சட்டத்துக்குக் கறுப்பர்களே அலையலையாக வந்து வாக்களித்தார்கள் என்று நாம் நம்ப வேண்டும்.

அப்புறம் நடந்தது எதிர்பார்த்ததுதான். எழுத்தறிவுச் சோதனை, சொத்துத் தகுதி, வாக்களிக்க ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தேர்தல் வரி. இந்த வரியைக் கட்டாமல் விட்டால் பாக்கி சேர்ந்துகொண்டே போய் 36 டாலர் வரை ஏறும். 1900-இல் வாக்களிக்கும் வயதில் சுமார் 1,81,000 கறுப்பின ஆண்கள் இருந்தார்கள். 1903-இல் பட்டியலில் எஞ்சியவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. அதோடு நிற்கவில்லை. காலப்போக்கில் அதே தேர்தல் வரி ஏழை வெள்ளையர்களையும் லட்சக்கணக்கில் வெளியே தள்ளியது. எதிர்த்து வாக்களித்த வடக்கு விவசாயிகளின் பயம் வீண்போகவில்லை.

ஜாக்சன் கைல்ஸ் என்ற மாண்ட்காமரிக்காரர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1903 தீர்ப்பை எழுதியவர் புகழ்பெற்ற நீதிபதி ஹோம்ஸ். கைல்ஸுக்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இது: வாக்காளர் பதிவு முறையே மோசடி என்று நீங்கள் சொல்கிறீர்கள். அந்த மோசடிப் பட்டியலில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொன்னால் எப்படி? பரிகாரம் வேண்டுமென்றால் மாநில மக்களிடமோ, மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியாளர்களிடமோ போங்கள். யாரிடம் வாக்கு இல்லையோ அவரை வாக்குப்பெட்டிக்கு அனுப்பிவைத்த தீர்ப்பு.

சரி, இதற்கும் நீளத்துக்கும் என்ன தொடர்பு? வாக்காளரை நம்பாதவர்கள் உள்ளூராட்சியை மட்டும் நம்புவார்களா? மாவட்டங்களின் அதிகாரத்தை எல்லாம் மாண்ட்காமரி சட்டமன்றத்திலேயே கட்டிப்போட்டார்கள். ஒரு மாவட்டத்தில் கொசு ஒழிப்புக்கு வரி போட வேண்டுமா? பிங்கோ என்ற சூதாட்டம் நடத்த வேண்டுமா? அரசியலமைப்பையே திருத்த வேண்டும். இப்படி 900-க்கு மேல் திருத்தங்கள் குவிந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு மாவட்டத்துக்கோ ஊருக்கோ மட்டும் பொருந்துபவை. ஆக, முன்யோசனையால் வந்த நீளமில்லை இது.

சட்டமன்றம் மட்டும் யோக்கியமா? பத்து ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைப்படி தொகுதிகளைப் பிரிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொன்னது. அறுபது ஆண்டுகள் யாரும் தொடவில்லை. 6,34,864 பேர் வசித்த ஜெஃபர்சன் மாவட்டத்துக்கு மேலவையில் ஒரு உறுப்பினர். 15,417 பேர் வசித்த லௌண்டஸ் மாவட்டத்துக்கும் ஒருவர். 1964-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் இது மாறியது.

இன்றுவரை வலிக்கும் இடம் வரி. சொத்து வரிக்கும் வருமான வரிக்கும் அரசியலமைப்பிலேயே உச்சவரம்பு உண்டு. எனவே அரசு கைநீட்டுவது கடைப் பையை நோக்கித்தான்: மளிகைச் சாமானுக்கு மாநில விற்பனை வரி மட்டும் 4 சதவீதம் இருந்தது, 2023-இல்தான் குறைக்கத் தொடங்கினார்கள். 2003-இல் பாப் ரைலி என்ற ஆளுநர், குடியரசுக் கட்சிக்காரர், பணக்காரருக்கு ஏற்றி ஏழைக்குக் குறைக்கும் வரித் திட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார். மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்றார்கள். நூறாண்டு ஏமாந்தவர்களுக்கு நல்ல திட்டத்தின் மேலும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

இனவெறிப் பிரிவுகளை நீக்குவதும் எளிதாக நடக்கவில்லை. கலப்பு மணத் தடையை நாட்டின் உச்ச நீதிமன்றம் 1967-லேயே செல்லாததாக்கியும், அலபாமாவின் ஏட்டில் அது 2000 வரை இருந்தது. அப்போதும் நூற்றுக்கு 40 பேர் அது இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள். கறுப்பர், வெள்ளையர் குழந்தைகளுக்குத் தனித்தனிப் பள்ளி என்ற பிரிவை நீக்கும் முயற்சி 2004-இலும் 2012-இலும் தோற்றது. இதில் 2012 தோல்வியை இனவெறி என்று மட்டும் படிக்கக் கூடாது. அரசுச் செலவில் கல்வி பெறுவது உரிமையல்ல என்று 1956-இல் செருகிய வாசகத்தை அந்தத் திருத்தம் விட்டுவைத்ததால், கறுப்பினத் தலைவர்களே அதை எதிர்த்தார்கள்.

கடைசியாக 2022 நவம்பரில், தொகுத்துச் சீர்செய்த வடிவத்துக்கு நான்கில் மூன்று பங்கு வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். இனவெறி வாசகங்கள் போயின. சிதறிக் கிடந்த மாவட்டத் திருத்தங்கள் மாவட்ட வாரியாக வரிசைக்கு வந்தன. வரி உச்சவரம்பிலும் மாவட்டங்களின் அதிகாரத்திலும் கைவைக்க, தொகுத்தவர்களுக்கு அனுமதி இல்லை. அவை இரண்டும் அப்படியே இருக்கின்றன.