பிக்கப்பை இரண்டு இன்ச் தூக்கலாமா, அண்ணாச்சி?

கேள்வி: அண்ணாச்சி, நமக்கு களக்காடு. ஏத்தன் வாழை போட்டிருக்கோம். பழைய ஃபோர் வீல் டிரைவ் டீசல் பிக்கப் ஒன்று வாங்கி ரெண்டு வருசம் ஆகுது. தார் ஏற்றி வாய்க்கால் கரையில் வரும்போது அடி இடிக்குது. மதுரையில் ஒரு கடையில் வண்டியை இரண்டு இன்ச் தூக்குகிற லிஃப்ட் கிட் போட ஒன்றே முக்கால் லட்சம் சொல்லுதாங்க. பக்கத்துப் பட்டறைக்காரரோ முன்னால் ஸ்பேசர், பின்னால் கட்டை வைத்து, 18,000 ரூபாயில் அதே இரண்டு இன்ச் தூக்கித் தாரேங்கிறார். எதைச் செய்ய?

பதில்: இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள் தம்பி. அடி இடிக்குது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த அடி என்று எழுதவில்லையே. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாக்கை விரித்து அடியில் படுத்துப் பாருங்கள். உரசின இடம் துருவில்லாமல் பளபளவென்று தன்னைத்தானே காட்டிக் கொடுத்துவிடும்.

பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸிலின் நடுவில் கிரவுன் பினியன் பல்சக்கரங்கள் உட்கார்ந்திருக்கும் உருண்டையில் அந்தக் கீறல் இருந்தால், ஒன்றே முக்கால் லட்சம் கொடுத்தாலும் அது ஒரு நூல்கூட உயராது. கிட் தூக்குவது ஆக்ஸிலுக்கு மேலே உள்ள சேஸையும் (அடிச்சட்டம்) பாடியையும். ஆக்ஸில் நிற்பது டயரின் மேல். டயர் பெரிதானால்தான் அது உயரும், அதுவும் டயர் கூடிய உயரத்தில் பாதிதான். 245/70 ஆர்16 டயரின் உயரம் சுமார் 749 மி.மீ., 265/70 ஆர்16 போட்டால் சுமார் 777. வித்தியாசம் 28 மி.மீ., ஆக்ஸிலுக்குக் கிடைப்பது 14. சுண்டுவிரல் அகலம். அதற்கே ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 104-ல் போகும்.

கீறல் முன்பக்க அடித்தகட்டிலோ, சைலன்சரிலோ, சேஸின் குறுக்குச் சட்டத்திலோ இருந்தால் லிஃப்ட் உதவும். ஆனால் 'தார் ஏற்றி வரும்போது' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, எனக்குச் சந்தேகம் அங்கேதான். ஒரு டேப்பை எடுத்து, பின் சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். வெறும் வண்டியில் ஒரு தடவை, லோடு ஏற்றி ஒரு தடவை, இரண்டு பக்கமும். லோடுக்கு நாலைந்து இன்ச் இறங்கினாலோ, ஒரு பக்கம் மட்டும் அதிகம் சாய்ந்தாலோ, பின்பக்க எடையைத் தாங்கும் ஸ்பிரிங்கான கமான் பட்டை களைத்துப் போயிற்று என்று அர்த்தம். களைத்த பட்டைக்குக் கீழே கட்டை வைத்தால் வெறும் வண்டி மிடுக்காக நிற்கும், லோடு ஏற்றினால் அதே நாலைந்து இன்ச் இறங்கத்தான் செய்யும். கட்டை உயரம் தரும், பலம் தராது. பட்டையை மாற்றுங்கள். கழற்றிய பழைய பட்டையை வீணாக்க வேண்டாம், அரிவாள் அடிக்கிற ஆசாரிகள் ஆசையாக வாங்கிக்கொள்வார்கள்.

புதுப் பட்டை வாங்கும்போது கடைக்காரர் 'எத்தனை இன்ச்?' என்றுதான் ஆரம்பிப்பார். நீங்கள் 'எத்தனை கிலோவுக்கு?' என்று திருப்பிக் கேளுங்கள். ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன், டஃப் டாக் போன்ற ஆஸ்திரேலியக் கம்பெனிகள் ஒரே வண்டிக்கே எடை பிரித்துப் பல ஸ்பிரிங் விற்கின்றன. அவர்கள் 'நிரந்தர எடை' என்று சொல்வது எப்போதும் வண்டியிலேயே இருக்கிற எடையை: இரும்புக் கூண்டு, வின்ச், டூல் பெட்டி. உங்கள் லோடு அப்படியில்லை. காலையில் கமிஷன் கடைக்கு லோடோடு போகிறீர்கள், திரும்பும்போது வெறும் தொட்டி. நிரந்தர எடைக்கான கனத்த பட்டையைப் போட்டால், திரும்பி வரும் வழியில் பின்பக்கம் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளும். மழைத் தண்ணீர் கிடக்கும் வளைவில் அந்தத் துள்ளல் ஆபத்து. நடுத்தர எடைப் பட்டை போட்டு, லோடு நாளுக்கு மட்டும் காற்றடித்து எடையைத் தாங்க வைக்கிற துணை ஏர்பேக் (ஸ்பிரிங்குக்குத் துணையான காற்றுப்பை) வைத்துக்கொள்வது உங்கள் பிழைப்புக்குப் பொருந்தும். துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரையும் (ஷாக்) அந்தப் பட்டைக்கு ஏற்றதாகவே மாற்ற வேண்டும், பழைய ஷாக் புதுப் பட்டையை அடக்காது.

எந்தப் பட்டை போட்டாலும் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை வரம்பு ஒரு கிலோகூட உயராது. ஆக்ஸில், பிரேக், டயர் எல்லாம் பழையதுதானே. வரம்பு மீறினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி.

இனி அந்த 18,000 ரூபாய் வேலை. முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள பிக்கப் என்றால், ஸ்பேசர் என்பது ஷாக்கின் தலையில் வைக்கிற ஒரு வட்டத் துண்டு. ஸ்பிரிங் அதேதான். வண்டி உயரும், கூடவே சிக்கலும் வரும். டிரைவ் ஷாஃப்ட் சாய்வு கூடி அதன் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும், கிழிந்தால் கிரீஸ் போய் மண் ஏறும். இரண்டு இன்ச்சைத் தாண்டினால் சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் மேல் ஆர்மையும் மாற்ற வேண்டிவரும். எத்தனை இன்ச் ஆனாலும் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால், டயர் ஒரு ஓரமாகத் தேயும்.

பின் கட்டையைப் பற்றி எனக்கே ஒரு கதை இருக்கிறது. முன்பு நான் வாங்கிய பழைய பிக்கப்பில் யாரோ கட்டை வைத்துத் தூக்கியிருந்தார்கள். சேரன்மகாதேவி ரோட்டில் கியர் மாற்றும்போதெல்லாம் 'டொக்' என்று ஒரு சத்தம். மூன்று பேர் மூன்று காரணம் சொன்னார்கள். கடைசியில் வயசான மெக்கானிக் ஒருத்தர் வீல் ஸ்பேனரைக்கூட எடுக்காமல், பட்டையை ஆக்ஸிலோடு சேர்த்து இறுக்கும் யு போல்ட்டின் நட்டைக் கையாலேயே திருகிக் காட்டினார். கட்டை வைத்தவர் பழைய யு போல்ட்டையே மாட்டியிருக்கிறார். இழுபட்டு நீண்ட போல்ட் இறுகவே இல்லை, சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் ஒரு பக்கம் அரை இன்ச் பின்னால் போயிருந்தது. யார் செய்தாலும் யு போல்ட் புதுசாகத்தான் இருக்க வேண்டும், முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் முறுக்க வேண்டும், 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்க வேண்டும். இந்த மூன்றையும் சொன்னதும் முகம் சுளிக்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

இன்னொன்று, இதைக் கிட் விற்கிறவர்களே பலர் சொல்வதில்லை. சில பிக்கப்களில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸுக்கும் நடுவே சின்னக் கம்பி ஒன்று போகும். லோடு ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிற வால்வின் கம்பி அது. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால், லோடு இருக்கும்போதும் வெறும் வண்டிதான் என்று அந்த வால்வு ஏமாந்து பிரேக்கைக் குறைக்கும். தூக்கிய அளவுக்கு அந்தக் கம்பியைத் திருத்தி வைக்கச் சொல்லுங்கள். பிரேக் ஹோஸ் நீளம் போதுமா என்றும் பாருங்கள். ஹெட்லைட்டையும் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலுவழிச் சாலையில் எதிரே வருகிறவர் உங்களைத் திட்டிக்கொண்டே போவார்.

என் யோசனை: இப்போதைக்குப் பின் பட்டையும் பின் ஷாக்கும் மட்டும். முன்பக்கத்தைத் தொட வேண்டாம். ஒரு அறுவடை ஓட்டிவிட்டு, இன்னும் எங்கேயாவது உரசினால் 40 மி.மீ. கிட்டைப் பற்றி அப்போது பேசலாம்.

கேள்வி: திசையன்விளை பக்கம் தேரி மணலில் என் பிக்கப் புதைகிறது. லிஃப்ட் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. உயரமான வண்டியும் புதையும். டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. சுமாருக்கு இறக்கி, பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் வெடுக்கென்று பிடிக்காமல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தார் ரோட்டுக்கு ஏறியதும் பழையபடி அடித்துவிட வேண்டும், அதனால் முதலில் வாங்க வேண்டியது ஒரு ஏர் பம்ப்.

கேள்வி: வள்ளியூர்க்காரன் நான். லிஃப்ட் கிட் போட்டு நாலு மாசத்தில் ஒரு ஷாக்கில் எண்ணெய் ஒழுகுது. கோயம்புத்தூர் கடைக்காரர் 'மோசமான ரோட்டில் ஓட்டினால் வாரன்டி கிடையாது' என்கிறார். கையில் எஸ்டிமேட் சீட்டுதான் இருக்கு. ஆர்.டி.ஓ. பிடிப்பாரோ என்று பயந்து வெளியேயும் சொல்லவில்லை.

பதில்: மோசமான ரோட்டுக்கென்றே விற்கிற சாமானுக்கு, மோசமான ரோட்டில் ஓட்டினால் வாரன்டி இல்லையாம்! நல்ல நியாயம்.

முதலில் உங்கள் பயத்தைப் பேசிவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி முதலில் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4), அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. ஆகவே போடுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். இப்போதாவது கேளுங்கள். விபத்து நடந்த பிறகு சர்வேயர் வந்து பார்த்தால், கிளெய்மில் தகராறுக்கு அது வழிவிடும்.

அதற்காகக் கடைக்காரரை விட்டுவிட வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோயம்புத்தூருக்கு அலைய வேண்டாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. 'வணிக உபயோகம்' என்று எதிர்த்தரப்பு கிளப்பலாம். சொந்தப் பிழைப்புக்காக நீங்களே ஓட்டுகிற வண்டி என்றால் சட்டம் அதற்கு விலக்குத் தருகிறது. அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிவு செய்யுங்கள், பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும்.

பில் இல்லாததுதான் இடைஞ்சல். ஜி.எஸ்.டி. பில்லைத் தரச் சொல்லி வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பணம் ஜிபே-யில் போட்டிருந்தால் அந்தப் பதிவு, ஷாக்கின் மேல் குத்தியிருக்கும் பார்ட் நம்பரின் படம், கடையோடு பேசின மெசேஜ் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். ஷாக்கின் தண்டில் லேசாக எண்ணெய் கசிந்து தூசி படிந்திருந்தால் அது பெரும்பாலும் கோளாறு ஆகாது. சொட்டினால் கோளாறு. அதனால் இன்றைக்கே சுத்தமான துணியால் துடைத்துப் படம் எடுத்து, வழக்கம்போல இரண்டு வாரம் ஓட்டிவிட்டு, மறுபடி துடைத்துப் படம் எடுங்கள். அந்தத் துணியையும் எறிந்துவிடாதீர்கள்.