கடவுள் நம்பிக்கை இல்லாதவர் எதற்காக வெளிநாடு சென்று தொண்டு செய்ய வேண்டும்?

புண்ணியத்தையோ மறுமையையோ நம்பாத ஒருவரை, முன்பின் அறியாத நாட்டில் உழைக்கத் தூண்டுவது எது என்று கேட்டிருக்கிறீர்கள். மனிதரின் துன்பத்தை மனிதர்தாம் துடைத்தாக வேண்டும், வேறு எவரும் வரப்போவதில்லை என்ற எண்ணமே என்னைத் தூண்டியது.

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை உலுக்கிய 7.8 அளவு நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தனர். கடுமையாகப் பாதிக்கப்பட்ட சிந்துபால்சோக் மாவட்டத்தில், மண்சாந்தில் எழுப்பிய கல்வீடுகள் கற்குவியல்களாகக் கிடந்தன. சுவரின் இரு முகங்களையும் பிணைக்கும் நீளக் கற்களை இடையிடையே வைப்பதும், சன்னலுக்குக் கீழும் மேலும் மரத்தாலோ கான்கிரீட்டாலோ வீட்டைச் சுற்றிப் பட்டை ஓட்டுவதும் உயிர் காக்கும் என்பதை உள்ளூர்க் கொத்தனார்களே எனக்குக் கற்பித்தார்கள். இடிபாடுகளிலிருந்து அத்தகைய கற்களைப் பொறுக்கி அடுக்குவதில் வீட்டாரோடு சேர்ந்து உழைத்தேன். சுவர் எழுப்பும் வேலையும் அதற்குரிய கூலியும் கொத்தனார்களுக்கே உரியவை.

இறந்தோருக்காக, அங்கு வாழும் தாமாங் இன மக்கள் லாமாக்கள் எனப்படும் பௌத்தக் குருமாரைக் கொண்டு சடங்கு செய்தபோது, அழைத்தவர்களின் அருகில் அமைதியாக அமர்ந்திருந்தேன். துயருற்றவர்களின் நம்பிக்கையைத் திருத்துவது மனிதநேயரின் பணி அன்று.

ஒன்றை வலியுறுத்துவேன்: சில வாரத் தொண்டுக்காகக் குழந்தைகள் இல்லங்களுக்கு அழைத்துச்செல்லும் பயண ஏற்பாடுகளைத் தவிருங்கள். நேபாளத்தில் அத்தகைய இல்லங்களில் பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைகள் பலர் உள்ளனர், வருவோர் தரும் பணமே அவர்களை ஊரிலிருந்து பிரித்துவரக் காரணமாகிறது. அங்குள்ளவர்கள் கேட்கும் திறமை உங்களிடம் இருந்தால் செல்லுங்கள், இல்லையெனில் விமானக் கட்டணத்தைக் கொத்தனார் பயிற்சிக்கு அனுப்புங்கள்.