வாசகர் கேள்வி: ரஷ்யப் பாட்டியின் அடுப்படி

கேள்வி: நியூயார்க்கில் வசிக்கும் என் மகளின் பக்கத்து வீட்டில், மாஸ்கோவிலிருந்து வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட ஒரு ரஷ்ய மூதாட்டி இருக்கிறார். எல்லாம் கடையில் கிடைக்கும் ஊரில், உப்பிலிட்ட வெள்ளரிக்காய் முதற்கொண்டு அனைத்தையும் வீட்டிலேயே செய்கிறாராம். ஊர் நினைவுதான் காரணமா?
- வாசகி ஒருவர், திருச்சி

பதில்: ஊர் நினைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தத் தலைமுறையினர் பலர் வளர்ந்தது, பல குடும்பங்களுக்கு ஒரே சமையலறை என்றிருந்த பொதுக் குடியிருப்புகளில். அங்கே பேசுவது வேண்டாதவர் காதுக்கும் போய்விடும். 1950களின் பிற்பகுதியில், சோவியத் தலைவர் குருசேவ் காலத்தில் தனி வீடுகள் பெருமளவில் கட்டப்பட்ட பிறகுதான், சிறியதே ஆனாலும் தமக்கென்று ஓர் அடுப்படி பலருக்கு வாய்த்தது. நண்பர்களோடு மனம்விட்டுப் பேசும் இடமாகவும் அதுவே ஆயிற்று. அப்படி வந்த அடுப்படியை, நாடு மாறியதற்காக விட்டுக்கொடுப்பார்களா?

தட்டுப்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள். சோவியத் மக்கள் ஒரு பொருளை 'வாங்கினேன்' என்பதைவிடத் 'தேடிப் பிடித்தேன்' என்றே சொல்வார்கள். மயோனைஸ் சேர்த்துக் கலக்கும் புத்தாண்டு இரவின் ஒலிவியே சாலட்டுக்கு வேண்டிய பட்டாணி டப்பாவை முன்கூட்டியே வாங்கிப் பத்திரப்படுத்திய வீடுகள் ஏராளம். 1974-இல் சிறுமியாகத் தாயுடன் மாஸ்கோவிலிருந்து பிலடெல்பியாவுக்கு வந்து, பின்னாளில் சமையல் எழுத்தாளராகப் பெயர்பெற்ற ஆன்யா வான் பிரெம்சன், தம் குடும்பக் கதையைப் பத்துப் பத்து ஆண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உணவு என எழுதினார். ஜார் காலத்துக்கு, மாவுக்குள் மீனைப் பொதிந்து சுடும் குலெபியாக்கா. 1940களுக்கோ சமையல் குறிப்பே இல்லை, ஒரு ரேஷன் அட்டைதான் இருக்கிறது. 1941-இன் இறுதியில், ஜெர்மன் படைகளின் முற்றுகைக்குள்ளான லெனின்கிராடு நகரில், தொழிலாளர் அல்லாத பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டிதான் கிடைத்தது என்பதை நினைத்தால், அந்த அட்டையின் பொருள் விளங்கும்.

வெள்ளரிக்காய்க்கு வருகிறேன். அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலும் இருப்பது வினிகரில் போட்டது. ரஷ்ய முறையில் வினிகருக்கு இடமில்லை. உப்புநீர், பூண்டு, பூவோடு கூடிய சதகுப்பைத் தண்டு, இவற்றோடு காயை மூழ்க வைத்தால், நம் இட்லி மாவு புளிப்பதைப் போலவே நுண்ணுயிர்கள் தாமாகப் புளிப்பேற்றுகின்றன. தெளிந்திருந்த நீர் சில நாளில் கலங்கும். அதுவே பக்குவம் வருவதற்கான அடையாளம். நியூயார்க்கில் ரஷ்யர்கள் நிறைந்த பிரைட்டன் பீச் பகுதியில் இதுவும் விலைக்குக் கிடைக்கும்தான். ஆனால், அடுத்தவர் போட்டதில் உப்பு சரியாக இருக்கிறது என்று எந்தப் பாட்டி ஒப்புக்கொண்டிருக்கிறார்?

கேள்வி: நம் ஹோட்டல்களின் 'ரஷ்யன் சாலட்'டும் அந்த ஒலிவியேயும் ஒன்றுதானா?
- அதே வாசகி

பதில்: தூரத்து உறவு. 1860களில் மாஸ்கோவின் ஹெர்மிடேஜ் உணவகத்தில் லூசியன் ஒலிவியே காட்டுப் பறவை இறைச்சியோடு படைத்த ஆடம்பர உணவு, சோவியத் வீடுகளில் உருளைக்கிழங்கு, கேரட், முட்டை, பட்டாணி, வேகவைத்த சாசேஜ், உப்பிலிட்ட வெள்ளரி, மயோனைஸ் என்று எளிமையானது. எல்லாவற்றையும் பட்டாணி அளவுக்கு நறுக்க வேண்டும். வேலையே அதில்தான் இருக்கிறது. நம் ஹோட்டல்களில் வெள்ளரியின் புளிப்பை விட்டுவிட்டு, அன்னாசிப்பழத்தைப் போட்டு இனிப்பாக்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் விளையும், ஊறுகாய்க்கான சிறு வகையான கெர்கின் வெள்ளரி ரஷ்யாவுக்கே ஏற்றுமதியாகும்போது, இது சற்று வேடிக்கைதான். மகள் வீட்டுக்குப் போகும்போது அந்த மூதாட்டியின் கையால் ஒரு கிண்ணம் சாப்பிட்டுப் பாருங்கள். அன்னாசிப்பழத்தைப் பற்றி மட்டும் அவரிடம் வாய் திறக்க வேண்டாம்.