பார்த்த தேசியப் பூங்காக்கள் எத்தனை? கணக்கு வைப்பவர்களுக்கான கேள்வி பதில்

பார்த்த தேசியப் பூங்காக்களைக் கணக்கு வைப்பது பற்றி மட்டும் கேளுங்கள். எங்கே தங்கலாம், எந்த மாதத்தில் புலி தெரியும் என்பதெல்லாம் வேறு ஆளிடம். ஏற்கெனவே பதில் சொன்ன கேள்வி மறுபடி வந்தால் "மேலே" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவேன், கோபிக்க வேண்டாம்.

கே: அக்கா, புதிதாகத் தொடங்குகிறேன். நோட்டுப் புத்தகமா, எக்செலா? என்னென்ன குறிக்க வேண்டும்?

எதில் எழுதினாலும் சரி, பூங்காப் பெயருக்கு எதிரே டிக் போடும் பட்டியலாக மட்டும் வைக்காதீர்கள். பத்து பூங்கா வரை தாங்கும், அப்புறம் குழம்பும். எக்செல் என்றால் இரண்டு தாள் வையுங்கள்.

முதல் தாள் பூங்காக்களுக்கு: ஒரு பூங்காவுக்கு ஒரே வரி. அதில் ஒரு எண், இப்போதைய பெயர், பழைய பெயர்கள், நாடு, அறிவிக்கப்பட்ட ஆண்டு. இரண்டாவது தாள் வருகைகளுக்கு: ஒவ்வொரு முறை போனதற்கும் ஒரு வரி. பூங்காவின் எண், தேதி, நுழைந்த வாயில், வண்டியா நடையா படகா, எத்தனை மணி நேரம், என்ன ஆதாரம். முதல் தாளில் 'கவுண்ட்இஃப்' என்ற சூத்திரம் போட்டு, அந்தப் பூங்காவின் எண் வருகைத் தாளில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ண வையுங்கள். பூஜ்யத்துக்கு மேல் உள்ள வரிகளே உங்கள் கணக்கு. இரண்டாம் முறை போனதால் முதல் முறை தேதி அழியாது, ஒரே பூங்கா இரண்டாகவும் எண்ணப்படாது.

பெயரை நம்பாமல் எண்ணை நம்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கர்நாடகத்து நாகரஹொளெயின் இன்னொரு பெயர் ராஜீவ் காந்தி தேசியப் பூங்கா. ஆந்திராவில் கடப்பா மாவட்டத்து ராமேஸ்வரமும் ராஜீவ் காந்தி தேசியப் பூங்கா. அஸ்ஸாமின் ஒராங்குக்கும் 2021 வரை அதே பெயர் ஒட்டியிருந்தது. கிளேசியர் தேசியப் பூங்கா கனடாவில் ஒன்று (1886), அமெரிக்காவில் ஒன்று (1910). சொந்தமாக எண் போடச் சோம்பலாக இருந்தால், பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் உலகத் தரவுத்தளம் ஒவ்வொன்றுக்கும் கொடுத்திருக்கும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறினாலும் எண் மாறாது.

தேதியை 2023-04-03 என்று ஆண்டு முதலில் வரும்படி எழுதுங்கள். அதற்கு முன்பே அந்த நிரலை 'டெக்ஸ்ட்' ஆக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் எக்செல் தன் இஷ்டத்துக்குத் திருப்பிப் போட்டு, ஏப்ரல் 3 ஒருநாள் மார்ச் 4 ஆகிவிடும். பிரதி எடுக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வகையில் சேமியுங்கள். வெறும் சிஎஸ்வியில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

கே: மைசூரிலிருந்து ஊட்டிக்குப் பேருந்தில் போனபோது பந்திப்பூர் வழியாகப் போனோம். யானைகூடப் பார்த்தேன். கணக்கில் சேர்க்கலாமா?

வருகைத் தாளில் எழுதுங்கள். மொத்தத்தில் சேர்க்காதீர்கள். நெடுஞ்சாலை ஊட்டிக்குப் போவதற்காக இருப்பது, நீங்களும் ஊட்டிக்குத்தான் போனீர்கள்.

கே: முதுமலை சஃபாரி போனேன். தேசியப் பூங்கா என்று போட்டுக்கொள்ளலாம் அல்லவா?

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். முதுமலை புலிகள் காப்பகம் சுமார் 688 சதுர கி.மீ. அதற்குள் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டது சுமார் 103 சதுர கி.மீ. மட்டும். மீதி சரணாலயமும் வெளிவட்டமும். புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா மூன்றும் வேறு வேறு அறிவிப்புகள். ஒன்றின்மேல் ஒன்று படியும், ஆனால் எல்லைகள் ஒன்றல்ல.

மகாராஷ்டிரத்தின் தடோபாவும் இப்படித்தான். தேசியப் பூங்கா 1955இல் வந்தது, சுமார் 116 சதுர கி.மீ. அந்தாரி சரணாலயம் 1986இல் வந்தது, அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் பெரியது. இரண்டும் சேர்ந்ததுதான் காப்பகத்தின் மையப்பகுதி, அதைச் சுற்றி வெளிவட்டம். அகர்ஸரி வாயிலில் நுழைந்தால் நீங்கள் சுற்றுவது வெளிவட்டத்தில். புலி கண் முன்னால் நின்றிருக்கலாம், தேசியப் பூங்காவுக்குள் நீங்கள் போகவில்லை. அதனால்தான் நுழைந்த வாயிலுக்கு ஒரு நிரல் கேட்டேன். அனுமதிச் சீட்டில் வாயில் பெயர் இருக்கும். வீடு வந்ததும் படம் பிடித்து வைத்துவிடுங்கள், வெப்பத்தாளில் அடித்த எழுத்து நாளடைவில் மங்கி வெள்ளைத்தாளாகிவிடும்.

கே: வண்டலூர் சேருமா?

அது உயிரியல் பூங்கா. சேராது.

கே: அப்படியானால் பன்னேர்கட்டா?

தேசியப் பூங்காதான், 1974இல் அறிவித்தது. ஆனால் விலங்குக் கூண்டுகளும் வேன் சஃபாரியும் இருக்கும் உயிரியல் பூங்காவை 2002இல் தனியாகப் பிரித்துவிட்டார்கள். அங்கே சிங்கம் பார்த்தது தேசியப் பூங்கா பார்த்ததாகாது. கிண்டியிலும் அதே கதை: சிறுவர் பூங்காவுக்கும் பாம்புப் பண்ணைக்கும் போனவர்கள் தேசியப் பூங்காவின் ஓரத்துக்குப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கே: பந்திப்பூர் கேட்டவருக்குச் சொன்ன பதிலை ஏற்க முடியவில்லை. பேருந்தில் 15 கிலோமீட்டர் காட்டுக்குள் போனவருக்குக் கணக்கில்லை, ஜீப்பில் 15 கிலோமீட்டர் போனவருக்கு உண்டா? இரண்டு பேரும் கீழே இறங்கவில்லையே!

நியாயமான கேள்வி. "உள்ளே கால் பதிக்க வேண்டும்" என்பது பூங்கா எண்ணுகிறவர்கள் பலரும் வைத்திருக்கும் விதி. நடைபாதைகள் உள்ள நாடுகளில் பொருந்தும். நம் புலிக்காடுகளில் வண்டியை விட்டு இறங்கினால் குற்றம். அந்த விதியை அப்படியே பிடித்தால் நாகரஹொளெயின் கபினிப் பகுதியில் பத்து தடவை சஃபாரி போனவருக்கும் அந்தப் பூங்கா கணக்கில் வராது. எனவே அந்த விதி இங்கே செல்லாது என்று நீங்கள் சொல்வது சரி.

அதற்காகக் கடந்துபோனதெல்லாம் வருகை என்றும் ஆகாது. எனக்குத் தெரிந்து உடையாத ஏற்பாடு ஒன்றுதான், வருகைத் தாளில் 'படி' என்று ஒரு நிரல்:

0 – வெளியிலிருந்தோ விமானத்திலிருந்தோ பார்த்தது
1 – வேறெங்கோ போகும் வழியில் கடந்தது
2 – பூங்காவைப் பார்க்கவென்றே உள்ளே போனது, வண்டியிலோ படகிலோ
3 – உள்ளே நடந்தது
4 – உள்ளே இரவு தங்கியது

முதல் தாளின் சூத்திரத்தையும் 'கவுண்ட்இஃப்ஸ்' ஆக்கி, நீங்கள் ஏற்கும் படியிலிருந்து மேலே உள்ள வருகைகளை மட்டும் எண்ண வையுங்கள். எண்ணிக்கை சொல்லும்போது படியோடு சொல்லுங்கள். "படி 2உம் அதற்கு மேலும் 31" என்றால் யாரும் சண்டைக்கு வர முடியாது.

கே: கலாபகோஸ் போகிறேன். அங்கே கடவுச்சீட்டில் ஆமை முத்திரை குத்தித் தருவார்களாமே, கணக்குக்கு ஆதாரமாக வைக்கலாமா?

வேண்டாம். வேண்டவே வேண்டாம். கடவுச்சீட்டு அரசாங்க ஆவணம். அரசு அலுவலர் போடாத முத்திரை அதில் விழுந்தால், சிதைக்கப்பட்ட கடவுச்சீட்டு என்று விமான நிலையத்தில் நிறுத்தக்கூடும். தனிக் குறிப்பேடு எடுத்துப் போங்கள்.

கே: அமெரிக்காவில் 63 என்கிறார்கள், சிலர் 400க்கு மேல் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. பெயரிலேயே 'தேசியப் பூங்கா' என்று இருப்பவை 63. அதே துறை பார்த்துக்கொள்ளும் நினைவிடங்கள், போர்க்களங்கள், கடற்கரைகள் எல்லாம் சேர்த்தால் 400ஐத் தாண்டும். எதை எண்ணுகிறீர்கள் என்று தாளின் தலைப்பில் எழுதிவையுங்கள். செக்கோயாவும் கிங்ஸ் கேன்யனும் 1943 முதல் ஒரே நிர்வாகம், ஆனாலும் இரண்டு பூங்கா. ஜப்பானில் தலைகீழ்: ஃபூஜி மலைக்கும் ஹக்கோனேவுக்கும் தனித்தனியாகப் போனாலும் ஒரே ஃபூஜி-ஹக்கோனே-இஸு தேசியப் பூங்காதான்.

கே: அமெரிக்கப் பூங்காக்களில் கொடுக்கும் தேதி முத்திரையைச் சேகரிக்கிறேன். முத்திரை இருந்தால் வருகை உறுதிதானே?

இல்லை. 1986இல் தொடங்கிய அந்த முத்திரைப் புத்தகம் நல்ல ஆதாரம், ஆனால் முத்திரை கிடைக்கும் இடம் பூங்காவுக்கு வெளியேயும் இருக்கும். அலாஸ்காவின் கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக்கில் சாலையும் கிடையாது, பாதையும் கிடையாது. அதன் முத்திரையைக் கோல்ட்ஃபுட்டில், எல்லைக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்திலேயே வாங்கிவிடலாம். முத்திரை கையில், படி 0.

குத்தும்போது முதலில் ஒரு துண்டுத்தாளில் குத்திப் பாருங்கள். தேதிச் சக்கரத்தைக் கையால் திருப்ப வேண்டும், நேற்றைய தேதியிலேயே நிற்பது சாதாரணம். குத்தியதும் புத்தகத்தை மூடினால் எதிர்ப்பக்கத்தில் மை அப்பிக்கொள்ளும், சில நிமிடம் திறந்தே வையுங்கள். இந்தப் புத்தகத்தைத்தான் 'பாஸ்போர்ட்' என்கிறார்கள். நிஜ கடவுச்சீட்டை நீட்டிவிடாதீர்கள்!

கே: அமெரிக்காவின் வைட் சேண்ட்ஸுக்கு 2015இல் போனேன். அப்போது அது தேசியப் பூங்கா இல்லை. மறுபடி போக வேண்டுமா?

2019 டிசம்பரில்தான் பூங்கா ஆனது. மணல் அதேதான், பலகைதான் மாறியது. ஆனாலும் "போன நாளில் என்ன அந்தஸ்து" என்று ஒரு நிரல் வைத்துவிட்டால், எப்படி வேண்டுமானாலும் எண்ணலாம். எதிர்ப்பக்கமும் உண்டு. மிச்சிகனின் மாக்கினாக் 1875இல் தேசியப் பூங்காவாகி, 1895இல் மாநிலத்திடம் போய்விட்டது. ஸ்ரீநகரின் சலீம் அலி தேசியப் பூங்கா இருந்த இடத்தில் இன்று கோல்ஃப் மைதானம். பூங்கா பட்டியலிலிருந்து போனாலும் உங்கள் வரியை அழிக்காதீர்கள்.

கே: இகுவாசு அருவியை பிரேசில் பக்கமிருந்து பார்த்தேன், அர்ஜென்டினா பக்கமும் நன்றாகத் தெரிந்தது. ஒன்றா இரண்டா?

ஒன்று. பிரேசிலின் இகுவாசு 1939, அர்ஜென்டினாவின் இகுவாசு 1934, இரண்டும் வேறு பூங்கா. எதிர்க்கரையைப் பார்த்தது படி 0.

கே: பந்திப்பூர் விஷயத்தில் எனக்கும் ஒரு கருத்து. இது பொழுதுபோக்கு. மனசுக்குப் போனதாகத் தோன்றினால் போனதுதான். படி, நிரல் என்று வாத்தியார்த்தனம் எதற்கு?

மனசுக்குத் தோன்றுவதைத் தாராளமாக எண்ணுங்கள். ஆனால் மனசு மாறும். முதல் ஐந்து பூங்காவுக்கு எல்லாவற்றையும் சேர்ப்பீர்கள், முப்பதைத் தாண்டியதும் கறாராகிவிடுவீர்கள். அப்போது பழையவற்றில் எதை நீக்குவது என்று தெரியாது. தகவல் இருந்தால் விதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றி மறுபடி எண்ணலாம். வெறும் "27" என்று எழுதி வைத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கே: முதலில் பேருந்துக் கேள்வி கேட்டவன் நான்தான். நான் தூங்கவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

படி 1, குறிப்பில் "யானை பார்த்தேன்". இரவு 9 முதல் காலை 6 வரை அந்தச் சாலையில் போக்குவரத்துக்குத் தடை, விலக்குப் பெற்ற சில பேருந்துகள் மட்டும் போகும். எனவே நேரத்தையும் எழுதுங்கள். இத்துடன் பந்திப்பூரை விடுவோம்.

கே: பழைய பயணங்களுக்குத் தேதியே இல்லை. எப்படி மீட்பது?

படங்களிலிருந்து. படத்தின் விவரப் பகுதியில் தேதியும், கைபேசிப் படமென்றால் பெரும்பாலும் இடமும் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இரண்டும் உரிக்கப்பட்டிருக்கும், எடுத்தவரிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள். தனிக் கேமரா என்றால் கடிகாரத்தைச் சந்தேகப்படுங்கள். இந்திய நேரத்திலேயே விட்டுவிட்டுக் கோடையில் கலிஃபோர்னியா போனால் 12½ மணி நேரம் முன்னால் ஓடும்: யோசெமிட்டியில் மாலை 4 மணிக்கு எடுத்த படம் மறுநாள் அதிகாலை 4.30 என்று விழும். படத்தில் நல்ல வெயில், தேதியில் நடுராத்திரி என்றால் இதுதான் காரணம். தேதியே கிடைக்காவிட்டால் "2009-05" என்று மாதத்தோடு நிறுத்துங்கள். ஊகித்து நாள் போடாதீர்கள், பிறகு அதையே உண்மை என்று நம்பிவிடுவீர்கள்.

கே: மன்னார் வளைகுடாவைக் கரையில் நின்று பார்த்தால்?

0. பூங்கா 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும். தீவுகளில் அனுமதியில்லாமல் இறங்கக்கூடாது, எண்ணிக்கைக்காக யாரும் முயல வேண்டாம்.

கே: இங்கிலாந்தில் லேக் டிஸ்ட்ரிக்ட்டில் ஒரு ஊரில் தங்கினேன். வாயிலும் இல்லை, சீட்டும் இல்லை.

அங்கே அப்படித்தான். பிரிட்டனின் 15 தேசியப் பூங்காக்களிலும் ஊர்களும் வயல்களும் உள்ளேயே இருக்கும். ஊர் எல்லைக்குள் இருந்தால் படி 4. வரைபடத்தில் சரிபாருங்கள்.

கே: நாங்கள் காரில் பந்திப்பூர் வழியாக...

மேலே.

கே: மச்சு பிச்சுவிலும் கடவுச்சீட்டு முத்திரை...

மேலே. தவிர, அது தேசியப் பூங்காவே அல்ல.

கே: கேரளாவின் சைலன்ட் வேலி போனோம், முக்காலி என்ற ஊரில் மழை, திரும்பிவிட்டோம். சீட்டு கையில் இருக்கிறது.

முக்காலி பூங்காவுக்கு வெளியே. அங்கிருந்து வனத்துறை வண்டியில் 23 கி.மீ. போய்ப் பூங்காவுக்குள் இருக்கும் சைரந்திரியைப் பார்த்தால்தான் படி 2. சீட்டைப் பத்திரமாக வையுங்கள், வரியில் "0, மழை" என்று போடுங்கள்.