எடிட்டரில் லுவா ஸ்கிரிப்ட் மொழியை இணைக்கிறேன். பஃபரை (திறந்திருக்கும் உரையை) ஸ்கிரிப்டுக்கு எப்படிக் கொடுப்பது?

பஃபரின் சி பாயின்டரை (நினைவக முகவரியை) நேராகக் கொடுக்காதீர்கள். பயனர் பஃபரை மூடியபின் ஸ்கிரிப்ட் அதைத் தொட்டால் எடிட்டரே விழும். நியோவிம் எடிட்டரைப்போல பஃபருக்கு ஓர் எண்ணைக் கொடுத்து, ஒவ்வொரு அழைப்பிலும் பஃபர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் லுவா பிழையாகத் திருப்புங்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி, இடத்தைக் குறிப்பது. 120ஆம் வரி என்று ஸ்கிரிப்ட் நினைவில் வைத்திருக்கும். மேலே ஒரு வரி சேர்ந்ததும் அது தப்பாகிவிடும். ஈமாக்ஸ் எடிட்டரின் மார்க்கர், நியோவிமின் எக்ஸ்ட்மார்க் ஆகிய இடக்குறிகள் உரையோடு நகர்வது இதற்காகத்தான். குறி இருக்கும் இடத்திலேயே எழுத்து நுழைந்தால் குறி தள்ளிப்போகுமா, நிற்குமா? இதை ஸ்கிரிப்டே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

முடிவில்லாச் சுழலை நிறுத்த எண்ணிக்கை ஹூக் (இத்தனை கட்டளைகளுக்கு ஒருமுறை அழைக்கப்படும் செயற்கூறு) போதும், சாதாரண லுவாவில். லுவாவை ஓடும்போதே மெஷின் கோடாக மாற்றும் லுவாஜிட்டில், அப்படி மாறிய சுழல் இயல்பாக அந்த ஹூக்கைக் கண்டுகொள்ளாது.