ஜெர்மனிப் பயணம்: ஒரு முழு நாள் பட்டறைக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்

வணக்கம். ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவு ஆசிரியராக அங்குள்ள தொழிற்பயிற்சி முறையைப் பார்க்க அக்டோபரில் ஐந்து நாள் ஜெர்மனி போகிறீர்கள், நிரல் முழுக்கக் கூட்டங்களே இருக்கின்றன, எதை மாற்றக் கேட்கலாம் என்று எழுதியிருந்தீர்கள்.

தயங்காமல் இரண்டு கூட்டங்களை நீக்கி, ஒரு முழு நாளைப் பட்டறைக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். அங்கே பயிற்சி மாணவர் பெரும்பாலும் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில் வேலை கற்கிறார். தொழிற்பள்ளிக்கு ஒன்றிரண்டு நாள்தான். பள்ளியை மட்டும் பார்த்துத் திரும்பினால் பாதிகூடப் பார்த்ததாகாது. பெரிய கார் தொழிற்சாலையின் பயிற்சிக்கூடம் கண்ணைப் பறிக்கும். ஆனால் நமக்குப் பாடமாவது இருபது பேர் வேலை செய்யும் சிறு பட்டறைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அங்கே மாணவரின் பயிற்சிப் பதிவேட்டைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். என்ன செய்தார், என்ன கற்றார் என்று அவரே எழுதி, பயிற்றுநர் பார்த்து ஒப்பமிடும் ஏடு அது. அது இல்லாமல் இறுதித் தேர்வுக்கு அனுமதி கிடையாது. அந்தத் தேர்வை நடத்துவதும் பள்ளி அல்ல; தொழில் வணிகக் கழகம் அல்லது கைவினைஞர் கழகம். தேர்வுக் குழுவில் முதலாளி, தொழிலாளர், ஆசிரியர் என மூன்று தரப்பும் உண்டு. அந்தக் குழுவில் உள்ள ஒருவரைச் சந்திக்க முடிந்தால் விடாதீர்கள்.

இன்னொன்று: இலையுதிர்கால விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பள்ளி திறந்திருக்குமா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.